மடியில் கனம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் நடத்தி, 2021-ல் ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஐந்து ஆண்டுகள் இந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே பாடம் எடுத்தேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆஸ்டினில் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்து இருக்கைப் பையன் இடுப்பில் துப்பாக்கி இருக்குமா என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. யார் யார் வைத்திருக்கலாம்?
(ஒரு தாய், நியூ ஜெர்சி)

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் கொஞ்சம் குறையும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் இந்தச் சட்டத்துக்காக அமைத்த குழு கணக்கிட்டபோது, லைசென்ஸ் வைத்திருக்கும் மாணவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றே தெரிந்தது. காரணம் வயது. லைசென்ஸ் வாங்க அப்போது பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும்; படையில் பணியாற்றுவோருக்கு 18. (2022-ல் ஒரு மத்திய நீதிமன்றம் 18 முதல் 20 வயதினருக்கு இருந்த தடையை நீக்கியது.) அன்று முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 21 வயதே ஆகியிருக்கவில்லை.

சட்டத்தின் பெயர் செனட் மசோதா 11. ஆளுநர் கிரெக் ஆபட் 2015 ஜூனில் கையெழுத்திட்டார். நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரிகளில் ஓராண்டு கழித்து. தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ரைஸ், பெய்லர், சதர்ன் மெதடிஸ்ட் எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் பொது இடங்களில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம் என்று வந்துவிட்டது. ஆனால் கல்லூரிக் கட்டடங்களுக்கு அது பொருந்தாது. அங்கே லைசென்ஸ் கட்டாயம், துப்பாக்கி வெளியே தெரியவும் கூடாது.

லைசென்ஸ் பயிற்சி எவ்வளவு என்று பலர் கேட்பதில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வகுப்பு. பிறகு 3, 7, 15 கஜ தூரத்திலிருந்து மொத்தம் 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்ட வேண்டும். ஒரு நாளில் முடிந்துவிடும். அசையாத அட்டையைச் சுடுவதற்கு அந்தப் பயிற்சி போதும். நூறு பிள்ளைகள் அலறி ஓடும் வகுப்பறைக்கு அது போதுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆகஸ்ட் 1 தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966 ஆகஸ்ட் 1 அன்றுதான் ஆஸ்டின் வளாகத்துக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே நடமாடியவர்களைச் சுட்டு வீழ்த்தினான். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவு நாள். அன்று கோபுரக் கடிகாரத்தை நிறுத்தி வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். அதே நாள் காலையிலிருந்து வகுப்பறைக்குள் துப்பாக்கி வரலாம். அந்தத் தேதியை யார் தேர்ந்தெடுத்தாலும், அதில் மகனை, மகளை இழந்த குடும்பங்களைப் பற்றி ஒரு கணம் நினைத்திருக்கலாம்.

கேள்வி: நான் எஃப்-1 விசாவில் முதுகலை படிக்கிறேன். வயது 23. நானும் லைசென்ஸ் வாங்கலாமா? நண்பர்கள் சுடும் பயிற்சி மையத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.
(ஒரு மாணவர், டெக்சாஸ்)

வேண்டாம் தம்பி. இதைத் தயவுசெய்து உன் அறை நண்பர்களுக்கும் சொல். எஃப்-1, ஜே-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டமே தடை செய்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு உனக்குப் பொருந்துமா என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், நண்பனிடம் கேட்டு அல்ல. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று நினைக்காதே. மையத்தில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு அனுப்பப்படவும் கூடும். கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. அதுவரை அந்த மையத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கக்கூட வேண்டாம் என்பதுதான் என் சொல்.

கேள்வி: வகுப்பில் துப்பாக்கி கூடாது என்று பேராசிரியர் பாடத்திட்டத் தாளில் எழுதிவிட்டால் போதாதா?
(ஒரு தந்தை, சிகாகோ)

டெக்சாஸில் எழுத முடியாது. யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று வகுப்பில் கேட்கவும் கூடாது. தடை செய்யும் அதிகாரம் பல்கலைக்கழகத் தலைமையிடம் உண்டு. அதுவும் சில இடங்களுக்கு மட்டும்தான், வளாகம் முழுவதற்கும் அல்ல.

கேள்வி: இருபது ஆண்டுகளாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஒருநாளும் யாரையும் மிரட்டியதில்லை. கொலை செய்யத் துணிந்தவன் வாசலில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவானா? தடை நல்லவர்களின் கையைத்தான் கட்டும். நீங்கள் பேராசிரியர்களின் பயத்தை மட்டும் எழுதுகிறீர்கள்.
(ஒரு வாசகர், டாலஸ்)

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2016-ல் நாங்கள், ஆசிரியர்கள், கூட்டம் கூட்டமாகப் பேசிப் பயந்தோம். மதிப்பெண் தகராறில் லைசென்ஸ்காரர் ஒருவர் சுட்டுவிடுவார் என்றோம். நான் பணியில் இருந்த ஐந்து ஆண்டுகளில் டெக்சாஸில் அப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. லைசென்ஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் சட்டத்தை மதிப்பவர்கள். அதை மறுக்க மாட்டேன்.

என் மாணவி ஒருத்தியின் கதையையும் சொல்கிறேன். 34 வயது; மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்க வந்தவள். நீதிமன்றம் அண்டக் கூடாது என்று உத்தரவிட்ட பிறகும் முன்னாள் கணவன் அவளைப் பின்தொடர்ந்தான். மாலை வகுப்பு முடிய ஒன்பதரை ஆகும். கார் நிறுத்துமிடமோ வளாகத்தின் அந்தக் கோடியில். ஒருநாள் வகுப்பு முடிந்து என்னோடு நடந்து வந்தபோது, தன்னிடம் லைசென்ஸும் துப்பாக்கியும் இருப்பதை அவளே சொன்னாள். அவளிடம் 'இதை வீட்டில் வைத்துவிட்டு வா' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றும் எழாது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. டெக்சாஸில் லைசென்ஸ்காரர் கல்லூரி நடைபாதையிலும் கார் நிறுத்துமிடத்திலும் மறைத்து எடுத்துச்செல்வது 1990-களிலிருந்தே சட்டப்படி சரிதான். தடை இருந்தது கட்டடங்களுக்குள் மட்டும். 2016-ல் மாறியது, துப்பாக்கி காரிலிருந்து வகுப்பறைக்குள் வந்தது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: வகுப்புக்குள் அது உனக்கு என்ன தைரியம் கொடுத்தது? 'இங்கே தைரியம் ஒன்றும் தரவில்லை, பையை எங்கே வைப்பது, கழிப்பறைக்குப் போனால் என்ன செய்வது என்ற கவலையைத்தான் தந்தது' என்றாள். வெளியே இருட்டில்தான் அவளுக்கு அது வேண்டியிருந்தது. அடுத்த செமஸ்டரில் அவளைப் பகல் பிரிவுக்கு மாற்றினோம். வளாகக் காவலர்கள் கார்வரை துணைக்கு நடந்து வரும் ஏற்பாடு இருந்தது; ஒன்றரை ஆண்டு அதே வளாகத்தில் படித்தவளுக்கு அதை யாருமே சொல்லவில்லை.

நல்லவர்கள் கையில் இருந்தால் ஆபத்தில்லை என்கிறீர்கள். ஐடஹோவில் வளாகச் சட்டம் 2014 ஜூலையில் வந்தது. செப்டம்பரிலேயே ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவரின் கால்சட்டைப் பையில் இருந்த கைத்துப்பாக்கி வகுப்பு நடக்கும்போதே வெடித்து, அவர் பாதத்தைத் துளைத்தது. அவரும் லைசென்ஸ் வைத்திருந்த நல்லவர்தான். டெக்சாஸின் டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் 2016 செப்டம்பரில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது; யாருக்கும் அடிபடவில்லை. இவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்லர். மனிதருக்குக் கை தவறும், அவ்வளவுதான். என் பேனா தவறி விழுந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே வழியில் பயம் உள்ளவர் மடியில் கனத்தை ஏற்றிக்கொள்கிறார். அவர் பயம் குறைகிறது என்பதை நம்புகிறேன். குறைந்த பயம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போகிறது; அவரை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: நான் நீரியல் துறை ஆராய்ச்சி மாணவன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லோகநாதன் கையிலோ அவர் மாணவர் ஒருவர் கையிலோ அன்று துப்பாக்கி இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டாரா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.
(ஒரு மாணவர், வர்ஜீனியா)

என்னையும் விடவில்லை. ஈரோடு மாவட்டத்தில் பிறந்து, பர்டியூவில் முனைவர் பட்டம் வாங்கி, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வர்ஜீனியா டெக்கில் நீரியல் நடத்தியவர் ஜி. வி. லோகநாதன். 2007 ஏப்ரல் 16 காலை, நாரிஸ் ஹால் 206-ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் 32 பேர். நான் அவரைச் சந்தித்ததில்லை. ஆனால் அன்று காலை டெக்சாஸில் நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வகுப்புக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றிருந்தேன். செய்தி கேட்டபோது என் முதுகு கூசியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

உன் கேள்வியைத்தான் அன்று பல மாணவர்கள் கேட்டார்கள். அந்தப் படுகொலைக்குப் பின்தான் வளாகத்தில் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமைக்காக மாணவர் அமைப்பு ஒன்று நாடு முழுவதும் உருவாகி, காலித் துப்பாக்கி உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்ப் போராடியது. அவர்களை வெறியர்கள் என்று ஒதுக்க மாட்டேன். அவர்களும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான். அவர்கள் பக்கம் சொல்ல ஒரு சம்பவமும் உண்டு: 2002-ல் வர்ஜீனியாவிலேயே ஒரு சட்டக் கல்லூரியில் மூன்று பேரைக் கொன்றவனைப் பிடித்தபோது, அதில் இரண்டு மாணவர்கள் காருக்கு ஓடித் துப்பாக்கி எடுத்து வந்தவர்கள். அதற்குள் அவன் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்திருந்தது என்றும் சொல்கிறார்கள். நேரில் இருந்தவர்களின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மறுபக்கம் ஆரிகனைப் பார். 2015 அக்டோபர் 1 அன்று அம்ப்குவா கம்யூனிட்டி கல்லூரியில் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். அன்று வளாகத்தில் மறைத்த துப்பாக்கியோடு முன்னாள் படைவீரரான ஒரு மாணவர் இருந்தார். அவர் போகவில்லை. போலீஸ் வந்தால் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்பதால் போகவில்லை என்று பிறகு அவரே சொன்னார். படையில் இருந்தவருக்கே அந்தத் தயக்கம் என்றால், ஒரு நாள் பயிற்சி பெற்ற 21 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நாரிஸ் ஹாலில் எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேசைகளுக்கு நடுவே, வாசலைப் பார்த்து, சக மாணவர்கள் குறுக்கே ஓடும்போது லோகநாதன் குறிபார்த்திருக்க முடியும் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதே மாடியில் 204-ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு, நாஜிகளின் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைத்த 76 வயதுப் பேராசிரியர், கதவைத் தன் உடலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் மாணவர்களில் பலர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். அவர் தப்பவில்லை.

'இருந்திருந்தால்' என்று நான் நினைத்து நினைத்து வருந்துவது வேறொன்றைப் பற்றி. அந்தக் கொலைகாரனை 2005-லேயே ஒரு வர்ஜீனியா நீதிமன்றம் தனக்குத்தானே ஆபத்தானவன் என்று கண்டு சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. மத்தியச் சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கியிருக்கவே கூடாது. அந்த உத்தரவு சோதனைப் பட்டியலில் ஏறவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கடையில் முறைப்படி வாங்கினான். அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் மத்தியச் சட்டம் வந்தது. ஒரு தாள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் லோகநாதன் இன்று உன் ஆய்வறிக்கையைப் படித்திருக்கக்கூடும்.

கேள்வி: சமூகவியல் ஆய்வுக்காக, வளாகத் துப்பாக்கி பற்றி மாணவர்களின் மனநிலையை ஆராய்கிறேன். பெரும்பாலோர் எதிர்ப்பு என்று சொல்லிவிடலாமா?
(ஒரு மாணவி, ஒஹையோ)

சொல்லலாம், ஆனால் கவனமாக. மத்திய மேற்கு மாநிலங்களில் 15 பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்து 2013-ல் வெளியான ஆய்வில் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆசிரியர்களிடம் அதே குழுவினர் கேட்டபோது 94 சதவீதம் எதிர்ப்பு. கல்லூரித் தலைவர்களிடம் 95. பதவி ஏற ஏற எதிர்ப்பும் ஏறுவதைக் கவனி.

ஆனால் எண்களைவிடக் கேள்வியைப் பார் அம்மா. 'வளாகத்தில் துப்பாக்கி வேண்டுமா?' என்பது ஒரு கேள்வி. 'லைசென்ஸ் பெற்ற, பயிற்சி பெற்ற பெரியவர்கள் தற்காப்புக்காக எடுத்துவரலாமா?' என்பது வேறு. ஒரே பிள்ளை இரண்டுக்கும் வெவ்வேறு பதில் தரும். என் வகுப்பிலேயே கேள்வியின் சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்து இதைக் காட்டியிருக்கிறேன்.

துப்பாக்கி வைத்திருப்பவர், வைத்திராதவர் என்று இரண்டாகப் பிரித்து நிறுத்திவிடாதே. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, துப்பாக்கி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டது. தற்காப்புக்காக வைத்திருப்பவர்கள் வளாகச் சட்டத்தை வரவேற்றார்கள். வேட்டை, விளையாட்டு என்று வேறு காரணத்துக்காக வைத்திருப்பவர்களின் கருத்து, துப்பாக்கியே இல்லாதவர்களின் கருத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. படித்ததும் என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். மேற்கு டெக்சாஸ் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன். எட்டு வயதில் பாம்பு சுடக் கற்றுக்கொண்டவன். 'அது வண்டியில் இருக்கும் மேடம். கால்குலஸ் வகுப்பில் பாம்பு வராதே' என்றான். அதே வகுப்பில் இருந்த கறுப்பின மாணவன் ஒருவன் தனக்கு லைசென்ஸ் இருக்கிறது என்றும், ஆனால் வளாகத்துக்கு ஒருநாளும் எடுத்துவர மாட்டேன் என்றும் சொன்னான். ஏன் என்று நான் கேட்டதற்கு, 'போலீஸ் உள்ளே ஓடிவந்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள்?' என்று திருப்பிக் கேட்டான். சட்டத்தில் உரிமை எல்லோருக்கும் ஒன்று. அதைப் பயன்படுத்தும் துணிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. உன் கேள்வித்தாளில் இதற்கு ஓர் இடம் வை.

கேள்வி: மற்ற மாநிலங்களில் எப்படி?
(ஒரு வாசகி, அட்லாண்டா)

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. யூட்டாவில் 2004 சட்டம், 2006-ல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. டென்னசியில் 2016 முதல் முழுநேர ஊழியர்களுக்கு மட்டும், மாணவர்களுக்கு இல்லை. வயோமிங் 2025 ஜூலையில் திறந்துவிட்டது. கொலராடோ பல ஆண்டுகள் அனுமதித்துவிட்டு 2024-ல் தடை செய்தது. கலிஃபோர்னியாவில் தடை.

உங்கள் ஜார்ஜியாவில் ஆளுநர் நேதன் டீல் 2016-ல் இந்த மசோதாவை நிராகரித்தார். ஜெஃபர்சனும் மாடிசனும் கலந்துகொண்ட 1824-ஆம் ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழக நிர்வாகக் கூட்டத்திலேயே மாணவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்ததை அதற்கு ஆதாரமாகக் காட்டினார். மறு ஆண்டே வேறொரு மசோதாவில் கையெழுத்தும் போட்டார். அந்தச் சட்டத்தில் விடுதிகள், விளையாட்டு அரங்குகள், ஆசிரியர் அறைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

கேள்வி: வரும் ஆகஸ்டில் டெக்சாஸில் உதவிப் பேராசிரியராகச் சேர்கிறேன். மதிப்பெண் பற்றிப் பேச வரும் மாணவரைத் தனியாகச் சந்திக்காதே, சர்ச்சைக்குரிய பாடத்தைத் தொடாதே என்று மூத்தவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். என்ன செய்வது?
(ஓர் ஆராய்ச்சியாளர், மிச்சிகன்)

பாடத்தைத் தொடுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த அறிவுரை புதிதல்ல. 2016 பிப்ரவரியில் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியர் பேரவைக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு காட்டினார்கள். உணர்ச்சியைத் தூண்டும் விஷயங்களில் கவனமாக இருங்கள், சில தலைப்புகளைக் கைவிடலாம், மாணவரிடம் கோபம் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், முன்பதிவு செய்தவர்களை மட்டும் சந்தியுங்கள் என்ற பொருளில் இருந்தது. ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் இந்தச் சட்டம் வகுப்பறைப் பேச்சுரிமையை முடக்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. டேனியல் ஹேமர்மெஷ் என்ற புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியர் இனி ஆஸ்டினில் பாடம் நடத்த வர மாட்டேன் என்று விலகினார். பல்கலைக்கழகத் தொகுதியின் அன்றைய தலைவர் வில்லியம் மெக்ரேவன், பின் லேடன் மீதான தாக்குதலை வழிநடத்திய அட்மிரல். துப்பாக்கி அவருக்குப் புதிதா? அவரே இதை எதிர்த்தார்.

நான் விலகவில்லை. எனக்கு வாடகையும் வயதான மாமியாரும் இருந்தார்கள். எங்கள் துறையில் மூன்று விஷயம் சொன்னார்கள்: மாணவர்கள் வந்து பார்க்கும் ஆபீஸ் அவர்ஸில் கதவைத் திறந்தே வையுங்கள், கதவுக்கும் உங்களுக்கும் நடுவே மாணவரின் நாற்காலியைப் போடாதீர்கள், தேர்வுத்தாள் கொடுத்த வாரம் யாரையும் தனியாகச் சந்திக்காதீர்கள். மூன்றையும் செய்தேன்.

அதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகள் என் அறை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி, ஒரு ஜன்னல், இரண்டு நாற்காலி, மேசை மேல் ஒரு டிஷ்யூ பெட்டி. மிட்டெர்ம் தாள் கொடுத்த மறுநாள் பிள்ளைகள் வரும். முதல் பத்து நிமிடம் நான்காம் கணக்குக்கு ஏன் இரண்டு மதிப்பெண் குறைந்தது என்று வாதம். பிறகு ஒரு மௌனம். பிறகு, கதவை மூடலாமா என்று கேட்டுவிட்டு, அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று சொல்லும். மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று சொல்லும். ஒருத்தி, தான் கருவுற்றிருப்பதை அம்மாவுக்கும் முன் என்னிடம் சொன்னாள். செமஸ்டருக்கு இரண்டு டிஷ்யூ பெட்டி தீரும்.

2016 டிசம்பரில் அறையைத் துடைக்கும்போது பார்த்தேன். ஆகஸ்டில் வைத்த பெட்டி பிரிக்காமலே இருந்தது.

ஜனவரியில் கதவை மூடும் உரிமையை மாணவருக்கே திருப்பிக் கொடுத்தேன். 'திறந்திருக்கட்டுமா, மூடட்டுமா?' என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை தோற்ற ஒரு பையன், கையைக் கோட்டுக்குள் விட்டபடி, உட்காராமல் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு கையை வெளியே எடுத்தான், வெறும் கை. வெளியே குளிர், அவ்வளவுதான். ஆனால் அதுவரை அவன் பேசியதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. 'மறுபடி சொல்லப்பா' என்றேன். அவன் முதலிலிருந்து சொன்னான். அம்மா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. என்னிடம் அந்த வார்த்தையை அந்தப் பிள்ளை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அதற்காக நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்ற காரணத்தை எப்படிச் சொல்வது? சுடப்பட்டு இறப்பதைவிட இது பெரிய இழப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் நடப்பது இதுதான், கணக்கெடுப்பில் வராததும் இதுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் தனி அறை வைத்திருக்கும் ஆசிரியர், தன் அறைக்குள் துப்பாக்கி கூடாது என்று சொல்ல அனுமதி உண்டா என்று முதல் வாரமே கேளுங்கள். ஆஸ்டினில் அந்த அனுமதி இருந்தது, ஆனால் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். வளாகக் காவல் எண்ணைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருவரின் துப்பாக்கி கண்ணில் பட்டால் அதைப் பற்றி அவரிடம் வாதாடாதீர்கள். வெளியே வந்து காவலரை அழையுங்கள். சட்டை விலகித் தற்செயலாகத் தெரிவது குற்றமாகாது. வேண்டுமென்றே காட்டுவது குற்றம். அதைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை, உங்கள் வேலை அல்ல. டிஷ்யூ பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகன் மூன்றாம் ஆண்டு. வளாகத்துக்கு வெளியே அபார்ட்மென்ட்டில் இருக்கிறான். அறைத் தோழன் கைத்துப்பாக்கி வாங்கியிருப்பதாகச் சொன்னான். மகன் இரண்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை, வகுப்புக்கும் சரியாகப் போவதில்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்கவே பயமாக இருக்கிறது.
(ஒரு தந்தை)

சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும் ஐயா. நல்லவேளை எழுதினீர்கள். வளாகத் துப்பாக்கி என்றதும் எல்லோரும் வெளியிலிருந்து வரும் கொலைகாரனைப் பற்றியே பேசுகிறோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றால் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள். மனம் மாற அவகாசமே இல்லை. ஆனால் தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தப் பொல்லாத வேளை கடந்து போகிறது என்பதுதான் இதன் அர்த்தம். அது கடக்கும்வரை துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

இன்று இரவே மகனை அழையுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, தொலைபேசியை வைக்காதீர்கள். மனைவியை இன்னொரு தொலைபேசியில் 988-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அது நாடு முழுவதற்குமான நெருக்கடி உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 911.

அறைத் தோழனிடமும் பேசுங்கள். குற்றம் சாட்டாமல் பேசுங்கள்; அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். துப்பாக்கியைச் சில வாரம் தன் பெற்றோர் வீட்டில் வைக்க முடியுமா, முடியாவிட்டால் தோட்டாவைத் தனியே பிரித்து, எண்பூட்டு போட்ட பெட்டியில் வைத்து, எண்ணைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிறகு விமான டிக்கெட் எடுங்கள். போய் அவனோடு நான்கு நாள் இருங்கள்.

உங்கள் கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால், இந்தப் பதிலை அச்சுக்குத் தரும் முன்பே உங்களை அழைத்துச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.